பேக்கர்ஸ் ஆஃப்சீசன்: திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகள்

அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் புரிய ஒரு மாதம் போதும். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அதற்கும் முன்னாலேயே புரிந்துவிடும். பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை வரும் செய்திகள்தான் யாருக்கும் பிடிபடுவதில்லை. யாரையோ எடுத்தார்கள், யாரையோ விட்டார்கள், இத்தனை கோடி டாலர் என்று வரும். உடனே எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். ஒரே பதிலை முப்பது பேருக்குத் தட்டுவதற்குப் பதிலாக ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். உதாரணம் எல்லாம் இந்த ஊர் அணியான கிரீன் பே பேக்கர்ஸின் 2025 ஆஃப்சீசன், அதாவது ஆட்டம் இல்லாத மாதங்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, பிப்ரவரியிலேயே எல்லாம் முடிஞ்சிடுதே. செப்டம்பர் வரைக்கும் அப்படி என்னதான் செய்றாங்க?

அணியைப் பிரித்து மறுபடி கட்டுகிறார்கள். 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 9 அன்று இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 40-22 என்று கான்சஸ் சிட்டி சீஃப்ஸை வென்றது. மார்ச் 12 அன்று என்எஃப்எல் என்ற இந்த லீகின் புதுக் கணக்காண்டு தொடங்கியது. ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அன்றிலிருந்து எந்த அணிக்கும் போகலாம், இவர்கள்தான் ஃப்ரீ ஏஜென்ட். ஏப்ரல் 24 முதல் 26 வரை டிராஃப்ட், அதாவது கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது. ஜூலைக் கடைசியில் பயிற்சி முகாம், ஆகஸ்ட் 26-க்குள் அணியை 53 பேராகக் குறைக்க வேண்டும். செப்டம்பர் 4 அன்று முதல் ஆட்டம்.

பேக்கர்ஸுக்கு அந்த ஆஃப்சீசன் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. 11 வெற்றி, 6 தோல்வியோடு பிளேஆஃப் போனவர்கள், ஜனவரி 12 அன்று அதே ஈகிள்ஸிடம் 22-10 என்று தோற்று வீடு திரும்பினார்கள்.

இந்த டீமுக்கு ஓனரே கிடையாதாமே? அப்போ முடிவெல்லாம் யார் எடுக்கிறது?

ஒரே ஒரு ஓனர் கிடையாது என்பதுதான் சரி. என்எஃப்எல்லின் 32 அணிகளில் பேக்கர்ஸ் மட்டும் பொதுமக்கள் பங்கு வைத்திருக்கும் அணி. 1923-இல் கடனிலிருந்து மீள முதன்முதலாகப் பங்கு விற்றார்கள். கடைசியாக 2021-22-இல் ஒரு பங்கு 300 டாலர் என்று விற்றார்கள். இன்று 5 லட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள் இருக்கிறார்கள். இந்தப் பங்குக்கு டிவிடெண்ட் கிடையாது, சந்தையில் விற்க முடியாது, சீசன் டிக்கெட்டும் இதனால் கிடைக்காது. என் நண்பர் வீட்டில் அந்தச் சான்றிதழ் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவருடைய அம்மா என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார்.

வீரர்களை எடுப்பதும் விடுவதும் பொது மேலாளர் பிரையன் குட்டகுன்ஸ்ட்டின் வேலை. பயிற்சியாளர் மேட் லாஃப்ளோர். இருவருக்கும் மேலே தலைவர். அந்தப் பதவியில் 70 வயதுக்கு மேல் இருக்க முடியாது என்பது அணியின் விதி. அதன்படி 2025 ஜூலையில் மார்க் மர்ஃபி ஓய்வுபெற்று எட் பாலிசி வந்தார்.

ஒரு லட்சம் பேர் இருக்கிற ஊரு நியூயார்க், டல்லாஸோட எப்படிப் போட்டி போடுது? காசு எங்கேருந்து வருது?

பெரிய பணம் தொலைக்காட்சி ஒப்பந்தங்களிலிருந்து வருகிறது. அதை லீக் 32 பங்காகச் சமமாகப் பிரிக்கிறது. பொதுப் பங்கு என்பதால் பேக்கர்ஸ் மட்டும் ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுகிறது. மற்ற அணிகளின் பங்கு எவ்வளவு என்பதையும் பத்திரிகைகள் இதைப் பார்த்துத்தான் எழுதுகின்றன. 2025 ஜூலையில் வந்த அறிக்கைப்படி லீகிலிருந்து வந்த பங்கு 43.26 கோடி டாலர். டல்லாஸுக்கும் அதே தொகைதான். இந்தப் பகிர்வு இல்லையென்றால் கிரீன் பே மாதிரி ஓர் ஊரில் இந்த அணி நிலைத்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு காவல் சேலரி கேப். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

சேலரி கேப்னா நம்ம ஐபிஎல் ஏலத்துல ஒவ்வொரு டீமுக்கும் ஒரு தொகை வெச்சிருப்பாங்களே, அதுதானே?

அடிப்படை அதுவேதான். ஓர் அணி ஓர் ஆண்டில் வீரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் கணக்கு வைக்கலாம் என்ற எல்லை. 2024-இல் 25.54 கோடி டாலராக இருந்தது, 2025-இல் 27.92 கோடி. பணக்கார முதலாளியாக இருந்தாலும் இதைத் தாண்ட முடியாது.

ஐபிஎல்லிலிருந்து மாறுபடுவது ஒரு விஷயத்தில். இங்கே கையில் கொடுக்கும் பணமும் கணக்கில் ஏறும் பணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கையெழுத்திடும்போது கொடுக்கும் போனஸை ஐந்து ஆண்டு வரை பிரித்து எழுதலாம். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர் ஜோர்டன் லவ் 2024 ஜூலையில் கையெழுத்திட்டபோது போனஸ் மட்டும் 7.5 கோடி டாலர். கேப் கணக்கில் அது ஆண்டுக்கு 1.5 கோடி வீதம் 2028 வரை ஏறுகிறது. இன்றைக்குக் கொடுத்துவிட்டு நாளைய கணக்கில் எழுதுவது இது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் ஆஃப்சீசன் செய்திகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

'நாலு வருஷத்துக்கு 7.7 கோடி டாலர்'னு போடுறாங்களே, அவ்வளவும் அவனுக்கு வந்துடுமா?

வராமலும் போகலாம். தலைப்பில் போடும் மொத்தத் தொகையை விட்டுவிட்டு 'உறுதி செய்யப்பட்டது' என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். 2025 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஆரன் பேங்க்ஸ் என்ற கார்டை, அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை வீரரை, பேக்கர்ஸ் எடுத்தது. தலைப்பு 4 ஆண்டு, 7.7 கோடி டாலர். உறுதியானது 2.7 கோடி, அதாவது கையெழுத்திடும்போது கொடுத்த போனஸ் மட்டும். மீதிப் பணம் ஒவ்வோர் ஆண்டும் அவர் அணியில் நீடித்தால்தான் வரும். அதே வாரம் ரெய்டர்ஸ் அணியிலிருந்து வந்த கார்னர்பேக் (பந்து பிடிக்க ஓடும் எதிரணி வீரரைத் தடுப்பவர்) நேட் ஹாப்ஸுக்கும் இதே அமைப்புதான்: 4 ஆண்டு, 4.8 கோடி, உறுதி 1.6 கோடி.

பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் ஒப்பந்தம் பெரும்பாலும் முழுதாகவே உறுதி. முழங்காலும் தலையும் அதிகம் அடிபடும் இந்த ஆட்டத்தில்தான் பாதுகாப்பு குறைவு. எனக்கு இது சரியாகப் படவே இல்லை.

ஒருத்தரை டீமை விட்டு அனுப்பிட்டாங்க. ஆனா அவர் கணக்கு இன்னும் கேப்ல ஓடுதுங்கறாங்க. அது எப்படி?

இரண்டு பதிலுக்கு முன் சொன்ன பிரித்து எழுதும் வழக்கத்தின் மறுபக்கம் இது. போனஸை ஐந்தாண்டாகப் பிரித்துவிட்டு இரண்டாம் ஆண்டு முடிந்ததுமே ஆளை அனுப்பினால், மிச்சமிருக்கும் மூன்றாண்டுப் பங்கு காணாமல் போகாது, மொத்தமாகக் கணக்கில் வந்து விழும். இதை 'டெட் மணி' என்கிறார்கள். ஆள் இல்லை, பாரம் மட்டும் இருக்கிறது. லவுக்கு முன் குவார்ட்டர்பேக்காக இருந்த ஆரன் ராட்ஜர்ஸை 2023-இல் நியூயார்க் ஜெட்ஸுக்குக் கொடுத்த பிறகு, அந்த ஓராண்டில் மட்டும் பேக்கர்ஸ் கணக்கில் ஏறத்தாழ 4 கோடி டாலர் இப்படி நின்றது.

ஜூன் 1-க்குப் பிறகு அனுப்பினால் அந்தப் பாரத்தை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். 2025 ஜூன் 9 அன்று கார்னர்பேக் ஜைர் அலெக்சாண்டரை விடுவித்ததன் பின்னணியில் இந்தத் தேதிக் கணக்கும் உண்டு. 2022-இல் 4 ஆண்டு, 8.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர். காயங்களால் 2023-இல் ஏழு ஆட்டம், 2024-இல் ஏழு ஆட்டம் மட்டுமே ஆடினார். நல்ல உடல்நிலையில் அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு வலித்தது, எனக்கும்தான். ஆனாலும் அந்த முடிவைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அவர் அடுத்து பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போனார்.

டிராஃப்ட்லயும் ஏலம் விடுவாங்களா?

இல்லை. அங்கே விலை பேசுவதே கிடையாது. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சூப்பர் பவுல் வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. ஏழு சுற்று. 2025-இல் மொத்தம் 257 பேர். எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறாரோ அந்த இடத்தைப் பொறுத்தே சம்பளம் அமையும். வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். அவைதான் இந்த லீகின் இன்னொரு நாணயம், பின்னால் வரும் மைக்கா பார்சன்ஸ் கதையில் அது மறுபடி வரும்.

2025 டிராஃப்ட் கிரீன் பேயிலேயே நடந்தது. மூன்று நாளில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் வந்தார்கள், ஊரின் மக்கள்தொகையைப் போல ஐந்து மடங்குக்கு மேல். 23-ஆவது வாய்ப்பில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கோல்டன் பெயரை வாசித்தபோது அணியின் சொந்த மைதானமான லாம்போவின் வாசலில் எழுந்த சத்தத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2002-இல் ஜாவன் வாக்கருக்குப் பிறகு முதல் சுற்றில் பேக்கர்ஸ் ஒரு வைட் ரிசீவரை, அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவரை, எடுத்ததே இல்லை. ராட்ஜர்ஸ் காலம் முழுக்க ரசிகர்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோல்டன் 40 கஜத்தை 4.29 விநாடியில் ஓடியவர். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் பச்சைத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அந்தக் கூட்டத்தில் சத்தம் போடாமல் நின்ற ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

ரெண்டாவது ரவுண்டுல எடுத்த பசங்க ஜூலை வரைக்கும் கையெழுத்தே போடலையாமே, ஏன்?

மறுபடியும் 'உறுதி'தான் காரணம். முதல் சுற்று வீரர்களுக்கு முழுத் தொகையும் உறுதி என்பது வழக்கமாகிவிட்டது. இரண்டாம் சுற்றில் அப்படி இல்லை. 2025 மே மாதம் ஹூஸ்டன் டெக்சன்ஸ், 34-ஆவதாக எடுத்த ஜேடன் ஹிக்கின்ஸுக்கு முழு ஒப்பந்தத்தையும் உறுதி செய்தது. அவருக்கு ஒரு இடம் முன்னால் எடுக்கப்பட்டவருக்கு கிளீவ்லாண்டும் அதையே கொடுத்தது. பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பேக்கர்ஸ் எடுத்த ஆண்டனி பெல்ட்டன் உட்பட 30 பேர் ஜூலை நடுப்பகுதி வரை கையெழுத்துப் போடவில்லை. முகாம் நெருங்கியதும் ஒவ்வொருவராக முடித்தார்கள், பலருக்கு முன்பைவிட அதிக உறுதி கிடைத்தது. 22 வயதுப் பிள்ளைகள் கூட்டாகப் பொறுத்திருந்து ஒரு வழக்கத்தை நகர்த்தினார்கள். அந்த ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

வீரர்களுக்குச் சங்கம் இருக்கே, அவங்க இதையெல்லாம் கேக்க மாட்டாங்களா?

கேட்டார்கள். 2022-இல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ், குவார்ட்டர்பேக் டிஷான் வாட்சனுக்கு 23 கோடி டாலரை முழுதும் உறுதியாகக் கொடுத்தது. அதற்குப் பின் மற்ற முதலாளிகள் கூடிப் பேசி அப்படிப்பட்ட ஒப்பந்தங்களைத் தடுத்தார்கள் என்று சங்கம் வழக்கை விசாரிக்கும் சட்ட நடுவரிடம் போனது. உறுதித் தொகையைக் குறைக்கும்படி லீக் நிர்வாகம் அணிகளை ஊக்குவித்தது உண்மை, ஆனால் அணிகள் அதன்படி கூட்டாக நடந்ததற்குப் போதிய சான்று இல்லை என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

வீரர்களே அந்தத் தீர்ப்பை ஜூன் மாதம் வரை பார்க்கவில்லை. செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது. தங்களுக்காகப் போட்ட வழக்கின் தீர்ப்பைச் சங்கமே அவர்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. இதுவும் வேறு சர்ச்சைகளும் சேர, சங்கத்தின் செயல் இயக்குநர் லாயிட் ஹவல் ஜூலை 17 அன்று பதவி விலகினார்.

ஃப்ரான்சைஸ் டேக்னா என்ன? அது வீரனுக்கு நல்லதா கெட்டதா?

ஒப்பந்தம் முடிந்த ஒரே ஒருவரை, ஓராண்டுக்கு, அவருடைய இடத்தில் ஆடும் உச்சச் சம்பளக்காரர்களின் சராசரியை ஒட்டிய தொகைக்கு, அணி பிடித்து வைத்துக்கொள்ளலாம். பணம் பெரிது, முழுதும் உறுதி. ஆனால் ஓராண்டுக்கு மட்டும். அந்த ஆண்டில் முழங்கால் போனால் வீரரின் கதி என்ன? அதனால் பெரும்பாலான வீரர்கள் இதை விரும்புவதில்லை. 2025-இல் சின்சினாட்டியின் டீ ஹிக்கின்ஸ் இரண்டாவது முறையாக டேக் செய்யப்பட்டார், பிறகு 4 ஆண்டு, 11.5 கோடி டாலர் என்று முடிந்தது.

டல்லாஸ் எதுக்காக மைக்கா பார்சன்ஸை விட்டுச்சு? அவ்வளவு பெரிய ஆளை யாராவது விடுவாங்களா?

அதிகம் வந்த கேள்வி இதுதான். பார்சன்ஸ் 2021-இல் டல்லாஸ் எடுத்தவர். நான்கு சீசனில் 52.5 சாக், அதாவது எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்து எறியும் முன் வீழ்த்திய கணக்கு. 2025-இல் அவருக்குப் பழைய ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு, சம்பளம் 2.4 கோடி டாலர். புது ஒப்பந்தம் பேசும்போது, முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ் நேரே பார்சன்ஸிடம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். ஏஜென்ட் இல்லாமல் பேசியது ஒப்பந்தப் பேச்சே இல்லை என்பது வீரர் தரப்பு. ஆகஸ்ட் 1 அன்று பார்சன்ஸ் வெளிப்படையாகவே வேறு அணி கேட்டார்.

ஜோன்ஸுக்கு அவசரமில்லை. அந்த ஆண்டு ஆடவைக்கலாம், அடுத்த ஆண்டு மேலே சொன்ன டேக் போடலாம். ஆனால் ஆகஸ்ட் 28 அன்று, முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு 2026, 2027 ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளும், ஒன்பது சீசன் கிரீன் பேயில் ஆடிய கென்னி கிளார்க்கும் போனார்கள். பேக்கர்ஸ் போட்ட ஒப்பந்தம் 4 ஆண்டு, 18.8 கோடி டாலர். கையெழுத்திட்ட உடனே உறுதியானது 12 கோடி. குவார்ட்டர்பேக் அல்லாத ஒருவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை.

உறுதி என்ற சொல்லை நான் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது இதே கதையின் முடிவில் தெரியும். அது கடைசிக் கேள்வியில்.

ஈகிள்ஸ் பின்னாலேருந்து தள்ளுறாங்களே, அந்த ஆட்டத்தைத் தடை செய்யச் சொன்னது பேக்கர்ஸாமே? தோத்த ஆத்திரமா?

'டஷ் புஷ்' என்பார்கள். ஒரு கஜம் தேவைப்படும்போது குவார்ட்டர்பேக்கைப் பின்னால் நிற்பவர்கள் தள்ளி முன்னே அனுப்புவது. தடைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது பேக்கர்ஸ்தான். ஏப்ரல் கூட்டத்தில் தள்ளிவைத்து, மே 21 அன்று வாக்கெடுத்தார்கள். 22 அணிகள் ஆதரவு, 10 எதிர்ப்பு. தேவை 24. இரண்டு வாக்கில் தோற்றது.

முந்தைய சீசனில் ஈகிள்ஸிடம் பேக்கர்ஸ் இரண்டு முறை தோற்றிருந்தது, அதனால் ஆத்திரம் என்று பேசத்தான் செய்வார்கள். என் கருத்தில், தடுக்க வழி தெரியாத ஒன்றை விதியால் நிறுத்தப் பார்த்தது எங்கள் அணிக்கு அழகில்லை. எங்கள் வீட்டிலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு.

வேற என்ன விதி மாறுச்சு? சுருக்கமா சொல்லுங்க.

வழக்கமான சீசனில் கூடுதல் நேரத்துக்குப் போனால், முதலில் பந்தெடுத்த அணி டச்டவுன் அடித்தாலும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாலும்) மற்ற அணிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்ஆஃபின் புதிய முறை நிரந்தரமானது, ஓடாமல் விட்டால் பந்து 35 கஜக் கோட்டில் வைக்கப்படும். வெளிநாட்டில் ஏழு ஆட்டம், அதில் டப்ளினும் மாட்ரிட்டும் புதிது. 2028 ஒலிம்பிக்ஸின் ஃபிளாக் ஃபுட்பாலில் (ஆளை வீழ்த்தாமல் இடுப்புக் கொடியைப் பறிக்கும் வகை) என்எஃப்எல் வீரர்கள் ஆட முதலாளிகள் அனுமதி கொடுத்தார்கள்.

முகாம்ல 90 பேரு, கடைசியில 53 பேரு. மிச்சப் பேரு என்ன ஆவாங்க?

கிரீன் பேயில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. முகாம் நாட்களில் லாம்போ மைதானத்திலிருந்து பயிற்சித் திடலுக்கு வீரர்கள் ஊர்க் குழந்தைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு போவார்கள். லொம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்து நடப்பது. நான் பார்த்த அன்று, எட்டு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தையின் ஊதா சைக்கிளில் 130 கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழங்கால் கைப்பிடியில் இடித்ததால் கால்களை அகட்டி மிதித்தார். அவருடைய ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அந்தக் குழந்தை பக்கத்திலேயே ஓடியது. நான்கு வாரம் கழித்து வந்த நீக்கப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

நீக்கப்பட்டவர்களை மற்ற அணிகள் 24 மணி நேரத்துக்குள் உரிமை கோரலாம். யாரும் கோராவிட்டால் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் சிலருக்கு இடம் கிடைக்கும். 2025-இல் அதற்கு வாரம் 13,000 டாலர், சீசன் ஓடும் வாரங்களுக்கு மட்டும். 53 பேருக்குள் வரும் புதியவருக்குக் குறைந்தது ஆண்டுக்கு 8,40,000 டாலர். அந்த ஒரே நாளில் ஒருவருடைய வாழ்க்கையில் விழும் இடைவெளி இது. மற்றவர்கள் ஊருக்குத் திரும்பி, உடம்பைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, போன் வரும் என்று காத்திருப்பார்கள். நான் பார்த்த அந்த மனிதருக்குப் பிறகு இடம் கிடைத்ததா என்று தினமும் செய்தியில் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, பார்சன்ஸுக்கு அவ்வளவு கொடுத்தது சரியா தப்பா? இப்ப சொல்லு.

நடந்ததைச் சொல்கிறேன். செப்டம்பர் 28 அன்று அவர் டல்லாஸுக்கே எதிராளியாகப் போனார். கூடுதல் நேரத்தில் ஆளுக்கொரு ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் பெறும் புள்ளி), 40-40, சமன். சீசன் முழுக்க எதிரணிகள் அவரைத் தடுக்க இரண்டு பேரை வைத்தார்கள். டிசம்பர் 14 அன்று டென்வரில் அவருடைய முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தது. பிறகு அணி சரிந்தது. ஜனவரி 10 அன்று பிளேஆஃபில் 21-3 என்று முன்னிலையில் இருந்துவிட்டு சிகாகோ பேர்ஸிடம் 31-27 என்று தோற்றோம்.

காயத்தை வைத்து முடிவைத் தவறு என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆகஸ்டில் 26 வயதான, லீகின் தலைசிறந்த தடுப்பாளர்களில் ஒருவர் கிடைத்தால் எடுக்கத்தான் வேண்டும். டல்லாஸிலேயே பழைய ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டை, அதற்குப் பிறகு எந்த உறுதியும் இல்லாமல் ஆடியிருந்தால், அதே முழங்காலோடு அவர் இன்று எந்த மேசையில் உட்கார்ந்து என்ன பேரம் பேசியிருப்பார்? 12 கோடி முன்பே உறுதியாக இருந்ததால் அவர் சிகிச்சையை மட்டும் பார்த்தால் போதும்.

விலை இன்னும் கட்டி முடியவில்லை. 2026 ஏப்ரலில் பிட்ஸ்பர்க்கில் டிராஃப்ட். முதல் நாள் இரவு உட்கார்ந்து பார்க்கப்போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: அன்று பேக்கர்ஸின் முதல் சுற்று வாய்ப்பு டல்லாஸுக்குப் போன இரண்டில் ஒன்று. இரண்டாம் நாளிலிருந்துதான் நமக்கு வேலை.